மாடி வீட்டுச் சத்தம்

அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கென்று ஒரு தனி ஞானம் உண்டு. தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். "கட்டிலை இழுக்கிறாங்க." "தேங்காய் விழுந்துச்சு." "பையன் சோபாவிலேர்ந்து குதிக்கிறான்." இழுக்கும் சத்தம் வேறு, விழும் சத்தம் வேறு என்பது காதுக்கு எப்படியோ பழகிவிடுகிறது. மேல்வீட்டுக்காரர் "நாங்க ஒண்ணுமே பண்ணலையே" என்று சாதித்தாலும் நாம் நம்புவதில்லை.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 1958இலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாதாடிக்கொண்டிருந்தது இந்த ஞானத்தைப் பற்றித்தான். அங்கே மாடி வீடு நமக்குக் கீழே, பூமிக்குள் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

கதை கடலில் தொடங்குகிறது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக்கின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, அதை வடிவமைத்தவர்களின் கணக்கைப் போல இரண்டரை மடங்கு வீரியத்துடன், 15 மெகா டன் அளவுக்கு வெடித்தது. ஆபத்துப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிரியக்க நோயில் விழுந்தார்கள். வானொலி இயக்குநர் அந்தச் செப்டம்பரில் இறந்தார். பிகினிச் செய்தி வந்து ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 2 அன்று, சோதனைகளை அப்படியே நிறுத்தி வையுங்கள் என்று நேரு மக்களவையில் கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் முன்வைத்த முதல் சோதனைத் தடைக் கோரிக்கை அதுதான் என்பார்கள்.

சோதனையை நிறுத்தினால் போர் நின்றுவிடுமா? நிற்காது. ஆனால் புது ரகக் குண்டு ஒன்றை வெடித்துப் பார்க்காமல் எந்தத் தளபதியும் நம்பிக் கையிலெடுக்க மாட்டார். சோதனை இல்லையென்றால் புது ரகங்கள் இல்லை. பழையனவற்றோடுதான் காலம் தள்ள வேண்டும். போட்டியின் வேகத்தைக் குறைக்க அது போதும் என்பதுதான் கணக்கு.

சரி, எதிராளி ஒளித்துவைத்து வெடித்தால் எப்படித் தெரியும்? காற்றில் வெடித்தால் கவலையில்லை. தூசி எல்லை பார்த்து நிற்பதில்லை. 1949இல் சோவியத்தின் முதல் குண்டை அமெரிக்கா கண்டுபிடித்தது, பசிபிக்கின் மேல் பறந்த விமானத்தின் வடிதாளில் ஒட்டியிருந்த கதிரியக்கத் துகள்களை வைத்துத்தான். மண்ணுக்கடியில் வெடித்தால் தூசி வராது. மிஞ்சுவது அதிர்வு ஒன்றுதான். பூமியோ தன்பாட்டுக்கு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கெட்டியான பாறையில் ஒரு கிலோ டன் குண்டு (ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான வீரியம்) ஏறக்குறைய ரிக்டர் 4 அளவுக்கு நிலத்தை ஆட்டும். 4 முதல் 5 வரையான நிலநடுக்கங்கள் உலகில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் ஒன்று நிலநடுக்கமா, குண்டா?

இங்கே ஒரு பத்திரிகையாளரைச் சொல்லியாக வேண்டும். 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடா பாலைவனத்தில் 'ரெய்னியர்' என்ற 1.7 கிலோ டன் குண்டை அமெரிக்கா மலைக்குள் சுரங்கம் வெட்டி, வெளியே எதுவும் கசியாமல் வெடித்தது. அடுத்த ஆண்டு அதன் அணுசக்தி ஆணையம் ஓர் அறிக்கை விட்டது: அதிர்வு அதிகபட்சம் 250 மைல் தொலைவு வரைதான் பதிவானது. உட்பொருள் எளிது. நம்முடையதே இவ்வளவு கிட்டத்தில்தான் கேட்கிறது என்றால் ரஷ்யாவுக்குள் வெடிப்பதை எங்கிருந்து கேட்பது. ஆகவே தடை ஒப்பந்தம் வேண்டாம். வாஷிங்டனில் தனி ஆளாக ஒரு சிறு வார இதழ் நடத்திவந்த ஐ. எஃப். ஸ்டோனுக்கு, முந்தைய ஆண்டு நாளிதழின் மூலையில் வந்திருந்த ஒரு துண்டுச் செய்தி நினைவிருந்தது. தொலைதூர ஊர்களில் ரெய்னியர் பதிவானதாக அது சொல்லியிருந்தது. அவர் அரசின் நில அளவைத் துறையிடம் போய், எந்தெந்த நிலையங்களில் பதிவானது என்று கேட்டார். பட்டியல் கிடைத்தது. கடைசி நிலையம் அலாஸ்காவில், 2,300 மைலுக்கு அப்பால். ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொண்டது. கேட்காது என்று சொன்னவர்களில் எல்லோருமே காது மந்தமானவர்கள் அல்ல என்று அன்றே தெரிந்துபோயிற்று.

ஆனால் கேட்பது வேறு, என்ன சத்தம் என்று பிரித்தறிவது வேறு. நிலநடுக்கம் என்பது அடிப்படையில் ஓர் இழுப்பு. பூமியின் ஓட்டில் ஒரு விரிசல். அதன் இருபுறமும் உள்ள பாறைகள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரெதிராகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. ஒரு கட்டத்தில் பிடி விட்டு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு சறுக்குகின்றன. வெடிப்பு அப்படியல்ல. பலூனை ஊதுவதைப் போல எல்லாத் திசையிலும் ஒரே சமயத்தில் தள்ளுகிறது. மாடி வீட்டில் கட்டிலை இழுப்பதற்கும் தேங்காய் விழுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இதுவும்.

அதிர்வு மூன்று வடிவங்களில் நம்மிடம் வருகிறது. முதலில் வந்து சேர்வது முதன்மை அலை. ரயில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுவதைப் போல, பாறையை முன்னும் பின்னும் அழுத்திக்கொண்டே ஓடும். 5,500 கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் கடந்துவிடும். அதன் பின்னால் வருவது இரண்டாம் நிலை அலை. கயிற்றின் ஒரு நுனியை உதறினால் நெளிவு ஓடுமே, அந்த மாதிரி பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு வரும். மூன்றாவது மேற்பரப்பு அலை. ஆழத்துக்குப் போகாமல் தரையோடு ஊர்ந்து வருவதால் கடைசியில் வந்து சேரும்.

வெடிப்பில் எல்லாமே வெளிநோக்கிய தள்ளல். எனவே உலகின் எந்த நிலையத்தில் பார்த்தாலும் முதன்மை அலையின் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்க வேண்டும். நிலநடுக்கத்தில் பாறை ஒரு பக்கம் முன்னே தள்ளும், மறு பக்கம் பின்னே இழுக்கும். சில ஊர்களில் முதல் அசைவு மேலே, சில ஊர்களில் கீழே. காகிதத்தில் இது கச்சிதமான சோதனை. 1958 கோடையில் ஜெனீவாவில் கூடிய இரு தரப்பு நிபுணர்களும் இதைத்தான் பெரிதும் நம்பினார்கள். உலகெங்கும் சுமார் 180 கண்காணிப்பு நிலையங்கள் போட்டால், 5 கிலோ டன்னுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிடலாம் என்று அறிக்கை எழுதினார்கள். நடைமுறையில் தொல்லை என்னவென்றால், சிறிய அதிர்வின் அந்த முதல் அசைவு மிக நுண்ணியது. கடலலை, காற்று, மாட்டு வண்டி என்று எந்த இரைச்சலிலும் மூழ்கிவிடும்.

பிற்பாடு கைகொடுத்தது வேறொரு குறி. வெடிப்பு மிகச் சிறிய இடத்தில், கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. நிலநடுக்கத்தில் சறுக்கும் பரப்பு பெரிது, நேரமும் கூடுதல். சட்டென்று நடப்பது துடிப்பான குறுகிய அலைகளை எழுப்பும். நிதானமாக நடப்பது நீண்ட, மந்தமான அலைகளை எழுப்பும். ஆகவே ஒரே அதிர்வை இரண்டு விதமாக அளக்கிறார்கள்: ஒரு விநாடிக்கு ஒரு தரம் ஆடும் முதன்மை அலையை வைத்து ஒன்று, இருபது விநாடிக்கு ஒரு தரம் ஆடும் மேற்பரப்பு அலையை வைத்து ஒன்று. நிலநடுக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே உயரும். குண்டில் முதலாவது பெரிதாக இருக்கும், இரண்டாவது சோனியாக இருக்கும். குரல் பெரிது, நிழல் சிறிது. இந்தக் குறி அகப்பட்டதும் பெரிய குண்டுகளைப் பற்றிய சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. ஆழமும் உதவுகிறது. பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் எழும் அதிர்வு குண்டாக இருக்க வழியில்லை, அவ்வளவு ஆழத்தில் யாரும் குண்டு வைத்ததில்லை.

தடை வேண்டாம் என்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 1959இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் லாட்டர் ஒரு தந்திரத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். பூமிக்குள் பெரிய குகை குடைந்து அதன் நடுவே குண்டைத் தொங்கவிட்டால், அழுத்தம் காற்றில் பரவித் தணிந்த பிறகே பாறையைத் தொடும், அதிர்வு ஒடுங்கிவிடும். உரலில் குத்தும்போது நடுவில் தலையணை வைப்பது போல. இதைத் தமிழில் அதிர்வு ஒடுக்கம் என்று சொல்லிக்கொள்வோம். வெறும் கற்பனை இல்லை: 1966இல் மிசிசிப்பி மாநிலத்தில், முந்தைய வெடிப்பு ஒன்று உப்புப் பாறையில் உண்டாக்கியிருந்த குகைக்குள் சிறு குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தபோது அதிர்வு சுமார் எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆனால் 5 கிலோ டன்னை இப்படி மறைக்க எண்பது மீட்டருக்கு மேல் விட்டமுள்ள கோளக் குகை வேண்டும், பூமிக்கு அடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் முழுசாக உள்ளே நிற்கும். வெளியே அள்ள வேண்டியது மூன்று லட்சம் கன மீட்டருக்கு மேல். டிப்பர் லாரியில் சுமார் முப்பதாயிரம் லோடு. அதைச் செயற்கைக்கோளின் கண்ணில் படாமல் எங்கே கொட்டுவது என்று லாட்டரின் கட்சிக்காரர்கள் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

சந்தேகம் தீராத இடத்துக்கு நேரில் ஆள் அனுப்பிப் பார்ப்பது என்றொரு வழி இருந்தது. வருஷத்துக்கு எத்தனை தரம் என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டது. 1962 செப்டம்பர் 28 அன்று, எண்பத்து மூன்று வயது ராஜாஜி, காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வெள்ளை மாளிகைக்குப் போய்ச் சோதனைகளை நிறுத்தும்படி அமெரிக்க அதிபர் கென்னடியிடம் வாதாடினார். மூன்று வாரத்தில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. அதில் மயிரிழையில் தப்பிய இரு தலைவர்களும் அடுத்த ஆண்டு உண்மையிலேயே உடன்பட விரும்பினார்கள். அமெரிக்கா வருஷத்துக்கு ஏழு நேரடி ஆய்வுகள் வரை இறங்கி வந்தது. சோவியத் தலைவர் குருஷேவ் மூன்றைத் தாண்டவில்லை. மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் முழுத் தடை விழுந்து உடைந்தது. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தானது பகுதித் தடை: காற்றில், விண்வெளியில், நீருக்கடியில் கூடாது; மண்ணுக்கடியில் நடத்திக்கொள்ளலாம். இதுவரை நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி நிலத்தடியில்தான் நடந்தன. காற்றில் வெடித்த குண்டுகளின் தூசியால் பாலில் கதிரியக்க ஸ்ட்ரான்சியம் கலப்பது குறைந்தது, அந்த மட்டில் பெரிய லாபம். ஆயுதப் போட்டி மட்டும் இடத்தை மாற்றிக்கொண்டு கீழே இறங்கியது.

இந்தச் சண்டையின் ஓரத்தில், யாரும் கேட்காமலே ஒரு வரம் கிடைத்தது. வெடிப்பைப் பிரித்தறிய வேண்டுமென்று அமெரிக்கா நிலநடுக்கவியலில் பணத்தைக் கொட்டியது. அறுபதுகளில் சுமார் அறுபது நாடுகளில் ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே கடிகார ஒழுங்கு என்று நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் எழுந்தன. அதில் ஒன்று நம் கொடைக்கானல், சூரியனைப் பார்ப்பதற்காக நிறுவிய வானாய்வகத்தில். பதிவுகளை எந்த ஆய்வாளரும் வாங்கிப் பார்க்கலாம். அதற்கு முன் ஊருக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு கணக்கு, ஒப்பிடவே முடியாது. அந்தப் புதுப் பதிவுகளை வைத்துத்தான் லின் சைக்ஸ் என்ற இளம் அமெரிக்கர், கடலடி மலைத்தொடர்களில் பாறை எந்தப் பக்கம் சறுக்குகிறது என்று 1967இல் காட்டினார். கண்டத் தட்டுகள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாகியது. குண்டைத் தேடப் போனவர்கள் பூமி நகர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரிலும் 1965இல் பிரிட்டனின் உதவியோடு ஓர் அதிர்வுமானி வரிசை வந்தது. இருபது கருவிகள், ஆங்கில 'எல்' வடிவில். ஒன்று போதாதா, எதற்கு இருபது? திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் அவரவர் பாட்டுக்குப் பேசினால் வெறும் இரைச்சல். எல்லோரும் ஒரே நொடியில் "கோவிந்தா" என்றால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒவ்வொரு கருவியின் இரைச்சலும் அதனதன் சொந்த இரைச்சல். ஆனால் தொலைவிலிருந்து வரும் அலை எல்லாக் கருவிகளையும் ஒரே ஒழுங்கில், கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகத் தொட்டுக்கொண்டு போகும். அந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டுப் பதிவுகளைக் கூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், அலை நிமிர்ந்து நிற்கும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் அந்தத் தாமதமே சொல்லிவிடும்.

1974இல் இரு வல்லரசுகளும் நிலத்தடிச் சோதனைக்கு 150 கிலோ டன் என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டன. அதன் பிறகு வந்த சண்டைதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் தவறு செய்தது அளவுகோல். சோவியத் வரம்பை மீறுகிறது என்று எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ரேகனின் அரசு குற்றம் சாட்டியது. கஜகஸ்தானின் செமிபலடின்ஸ்க் தளத்திலிருந்து வந்த அதிர்வுகள், நெவாடா கணக்குப்படி பார்த்தால், 150ஐத் தாண்டியது போல்தான் இருந்தன. நெவாடா கணக்கை அங்கே போடலாமா என்பதுதான் கேள்வி. வெண்கல அண்டாவைத் தட்டினால் ஊருக்கே கேட்கும். அதே அண்டாவின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுத் தட்டிப் பாருங்கள். நெவாடாவுக்கு அடியில் பூமி சூடாக, இளக்கமாக இருக்கிறது. அலையின் சக்தியில் நல்ல பங்கை விழுங்கிவிடும். கஜகஸ்தான் பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறை. ஒரே அளவு குண்டு அங்கே பெரிதாகக் கேட்கும். ரிக்டரில் ஓர் எண் கூடினால் ஆட்டம் பத்து மடங்கு என்பதால், எண்ணில் 0.3 அல்லது 0.4 பிசகினாலே குண்டின் வீரியம் இரண்டு மடங்கு பிசகிவிடும். சைக்ஸும் வேறு சிலரும் இதை ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றச்சாட்டு வசதியாக இருந்ததால் வாஷிங்டனில் அவர்கள் பேச்சு ஏறவில்லை.

முடிச்சு அவிழ்ந்த விதம் விசித்திரமானது. 1986இல் இயற்கை வளப் பாதுகாப்புக் கழகம் என்ற தனியார் அமெரிக்க அமைப்பு, சோவியத் அறிவியல் அகாதமியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. அரசுகள் இருபத்தெட்டு ஆண்டுகளாக முடிக்காத விஷயம். அந்த ஜூலையில் அமெரிக்க நிலநடுக்க ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளோடு செமிபலடின்ஸ்க் தளத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், கர்கரலின்ஸ்க்கில் இறங்கினார்கள். அரசுகளும் வெட்கப்பட்டு வழிக்கு வந்தன. 1988 ஆகஸ்டில் நெவாடாவில் ஒன்று, செப்டம்பரில் செமிபலடின்ஸ்க்கில் ஒன்று; அவர்கள் குண்டை இவர்கள் பக்கத்திலிருந்து அளந்தார்கள், இவர்கள் குண்டை அவர்கள். அளந்த விதமும் அழகு: குண்டுக்குப் பக்கத்தில் கேபிள் ஒன்றைப் புதைத்துவிடுவார்கள், அதிர்ச்சி அலை வரவர அது நசுங்கிக் குட்டையாகும், எவ்வளவு வேகமாகக் குட்டையாகிறதோ அதை வைத்து வீரியம். ஒரே வீரியத்துக்குக் கஜகஸ்தான் பாறை உரக்கவே பேசுகிறது என்று தெளிவாயிற்று. மீறல் என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி ஈரச் சாக்கு செய்த வேலை.

நம் பக்கத்திலும் இந்த அளவுகோல் தகராறு உண்டு. 1998 மே 11 அன்று பொக்ரானில் ஒரே நேரத்தில் மூன்று குண்டுகள். மொத்தம் சுமார் 60 கிலோ டன் என்றார்கள் நம் விஞ்ஞானிகள். அதிர்வை வைத்து வெளிநாட்டார் கணித்தது அதில் பாதிக்கும் குறைவு. பக்கத்துப் பக்கத்தில் வெடித்தவற்றின் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன, பாறையும் வேறு என்பது நம்மவர் பதில். பொக்ரான் ஏற்பாட்டில் முக்கியப் பங்கு வகித்த கே. சந்தானம், அவற்றில் ஒன்றான ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று 2009இல் சொன்னார், அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம் மறுத்தார். மே 13இல் வெடித்த இரண்டு சிறு குண்டுகள் உலகக் கண்காணிப்பு நிலையங்களின் காதில் விழவேயில்லை.

1996இல் வந்த முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம் 337 கண்காணிப்பு மையங்களுக்குத் திட்டமிட்டது. 170 நிலையங்கள் நில அதிர்வுக்கு, 11 கடலுக்குள் கேட்க, 60 மனிதக் காதுக்கு எட்டாத தாழ் ஒலிக்கு, 80 காற்றில் கதிரியக்கத்தை மோப்பம் பிடிக்க, மீதி 16 ஆய்வகங்கள். மோப்பம் ஏன்? அதிர்வு 'வெடித்தது' என்று சொல்லும். 'அணு' என்று சொல்லாது. அதைச் சொல்லக் கூடியது செனான். எதோடும் வேதிவினை புரியாத வாயு, ஆகவே பாறை இடுக்கில் எப்படியாவது கசிந்து வெளியே வரும். 2006 அக்டோபர் 9 அன்று வட கொரியா வெடித்தது ஒரு கிலோ டன் கூடத் தேறாது. ஆனாலும் இருபதுக்கு மேற்பட்ட நிலையங்களில் பதிவாகியது. இரண்டு வாரம் கழித்து, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கனடாவின் யெல்லோநைஃப் நிலையம் காற்றில் செனான்-133ஐப் பிடித்தது. ஐந்து நாளைக்கு ஒரு தரம் பாதியாகக் கரையும் பொருள் அது. காற்றின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தால் கை கொரியத் தீபகற்பத்தைக் காட்டியது.

கேட்கும் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள் என்றே சொல்வேன். ஒரு கிலோ டன்னை மறைக்க இன்று பெரிய துணிச்சல் வேண்டும். ஒப்பந்தம்தான் இன்னும் அமலுக்கு வரவில்லை. பட்டியலிட்ட 44 நாடுகளும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியாவும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை, அமெரிக்காவும் சீனாவும் போட்டுவிட்டு உறுதிசெய்யவில்லை, உறுதிசெய்திருந்த ரஷ்யா 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமலுக்கு வராததால், சந்தேகத்துக்குரிய இடத்துக்கு ஆள் அனுப்பும் பிரிவும் உறங்குகிறது. 1963இல் மூன்றா ஏழா என்று சண்டை போட்டார்களே, இன்று கேட்டுப் பெறக்கூடிய எண்ணிக்கை பூஜ்யம். ஆய்வாளர்கள் பயிற்சி மட்டும் விடாமல் எடுக்கிறார்கள். 2014 இறுதியில் ஜோர்டானில் சாக்கடலை ஒட்டி, கற்பனை நாடொன்றில் நடக்காத ஒரு வெடிப்பைத் தேடி, பல வாரம் வெயிலில் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார்கள்.